17,500 ரூபா மிச்சம் பிடித்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஜீப், ட்ரெக்டர், வட்டை என்று திரிகிறவர்கள் ஆறுதலாக இருந்து கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் நடுவில் வருகிற இரும்புக் கதையைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. அந்தப் பொடியனுடைய பகுதியை மட்டும் வாசித்துவிடுங்கள்.

எங்கள் ஜீப்பின் முன்னால் பூட்டியிருக்கிற வின்ச்சைக் கண்டுவிட்டு நிறையப் பேர் கேட்கிறார்கள். "சேர், எங்க எடுத்த? எவ்வளவு முடிஞ்ச? எங்களுக்கும் ஒண்டு செஞ்சு தருவீங்களா?" ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் இந்தக் கேள்வி. ஸ்டாஃப் ரூமிலும் இந்தக் கேள்வி. ஒவ்வொருவருக்கும் பாதிக் கதை சொல்லிச் சொல்லி வருகிறேன். யோசித்துப் பார்த்தால் நான் சொல்கிற பாதி எப்போதும் நல்ல பாதி. குறைந்த செலவில் எப்படிச் செய்தேன், எப்படி மூளையைப் பாவித்தேன் என்கிற பாதி. மற்றப் பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. அதை மறைத்துக்கொண்டு "நீங்களும் செய்யலாம்" என்று சொல்வது அமானிதத்துக்கு ஒவ்வாது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. தண்ணீர் வடிந்த கையோடு மாமா, என் மனைவியின் வாப்பா, ட்ரெக்டர் பெட்டியில் பசளை ஏற்றிக்கொண்டு வட்டைக்குப் போனார். பாதி வழியில் பெட்டி அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. இழுக்க வந்த இரண்டாவது ட்ரெக்டரும் பக்கத்தில் புதைந்தது. கடைசியில் பெக்கோ மெசின் பிடித்துத்தான் இரண்டையும் எடுத்தோம். போக்குவரத்துக் கூலியோடு 18,000 ரூபா. அந்தப் போகத்தில் மாமாவுக்கு அது சின்னக் காசு இல்லை.

எங்களிடம் வாப்பாவின் பழைய மிட்சுபிஷி ஜீப் இருக்கிறது. 4டீஆர்5 இஞ்சின். வாப்பா மௌத்தான பிறகும் விற்கவில்லை. வட்டைக்குப் போய்வரவும், இடைக்கிடை நெல் மூட்டை ஏற்றவும் உதவுகிறது. அதற்கு ஒரு வின்ச் இருந்தால் இந்த 18,000 மிஞ்சியிருக்குமே என்று அன்று இரவு தோன்றிய எண்ணம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

கொழும்புக்குப் போன் எடுத்துப் புதியதன் விலை கேட்டேன். 1,65,000 சொன்னார்கள். நான் அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் படித்து வெளியே வந்த சாதாரண விஞ்ஞான ஆசிரியன். என் சம்பளத்தில் அந்த விலைக்குப் பக்கத்தில் கூடப் போக முடியாது. ஜனவரியில் எங்கள் ஸ்டாஃப் ரூம் சீட்டு எனக்கு விழுந்தது. 75,000 ரூபா. மனைவியிடம் சொன்னேன்: "இதுக்கு மேல ஒரு சதமும் போகாது." அவ நம்பவில்லை. ஆனால் சரி என்று சொன்னா.

பாணமைப் பக்கம் குமன சரணாலயத்துக்கு ஆட்களை ஏற்றுகிற ஒரு சஃபாரி ஜீப்காரரிடம் பழைய வின்ச் ஒன்று கிடந்தது. 12 வோல்ற்று, 8,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 3,600 கிலோ இழுக்கும் என்று தகட்டில் போட்டிருந்தது. ஓடாது. ட்ரம் கையால் கூடத் திரும்பாது. நாலைந்து வருடமாக மழையில் கிடந்திருக்கிறது. பேரம் பேசி 32,000க்கு எடுத்தேன். வீட்டு விறாந்தையில் வைத்ததும் உம்மா வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கறளுக்கா இவ்வளவு சல்லி குடுத்த?" என்றா.

இனி இரும்புக் கதை.

ஒரு மின் வின்ச் என்பது நான்கு சாமான்தான். மோட்டர், பற்சக்கரப் பெட்டி, கயிறு சுற்றுகிற ட்ரம், அதற்குள் இருக்கிற பிரேக். இவற்றோடு மோட்டருக்கு மின்னைத் திருப்பிவிடுகிற சொலினொயிட் பெட்டி. இந்த ஐந்தில் எது செத்திருக்கிறது என்று தெரியாமல் சாமான் வாங்கப் போனால் காசு தண்ணீராகப் போகும். அதனால் முதலில் முழுவதையும் கழற்றினேன். ஒவ்வொன்றாகக் கழற்றும்போது போனில் படம் எடுத்தேன். எந்த வொஷர் எந்தப் பக்கம் என்று பிறகு ஞாபகம் இருக்காது.

கழற்ற எனக்குத் துணையாக வந்தவன் என்னிடம் தரம் 11 படித்த ஒரு பொடியன். பெயர் வேண்டாம். அவனுடைய வாப்பா த்ரீவீல் ஓட்டுகிறார். பொடியனுக்குப் புத்தகம் அவ்வளவு ஏறாது, ஆனால் ஒரு நட்டைக் கையில் எடுத்தால் எந்த அளவுச் சாவி என்று பார்வையிலேயே சொல்வான். சனி, ஞாயிறு வந்துவிடுவான். ஓஎல் சோதினை நெருங்கியபோது மட்டும் வரவேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். 2025 மார்ச் கடைசியில் சோதினை முடிந்தது, பெருநாளும் முடிந்தது, அடுத்த நாளே வந்து நின்றான்.

பற்சக்கரப் பெட்டிக்குள் கிறீஸ் இல்லை, பால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு சேறு இருந்தது. தண்ணீர் உள்ளே போய் கிறீஸோடு கலந்தால் அப்படித்தான் ஆகும். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தோம். பல் ஒன்றுகூட உடையவில்லை, அல்ஹம்துலில்லாஹ். உள்ளே மூன்று படியாகக் கோள் பற்சக்கரங்கள். பொடியனிடம் பல்லை எண்ணச் சொன்னேன். நடுச் சக்கரத்தில் 12, வெளி வளையத்தில் 60. வளையம் அசையாமல் நடுச் சக்கரம் சுற்றினால் 60ஐ 12ஆல் பிரித்து ஒன்றைக் கூட்ட வேண்டும். ஆறுக்கு ஒன்று. மூன்று படியும் அப்படியே. 6×6×6, 216. மோட்டர் 216 முறை சுற்றினால்தான் ட்ரம் ஒரு முறை சுற்றும். "அப்ப அதாலதான் சேர் இவ்வளவு மெதுவா, இவ்வளவு பாரத்த இழுக்குது" என்றான். வகுப்பில் வேக விகிதத்தை நான் மூன்று பாடவேளை படிப்பித்தும் வாய் திறக்காதவன்.

பெட்டியின் இரண்டு ஒயில் சீலும் போயிருந்தன. அளவு அதன் மேலேயே எழுதியிருக்கும். அந்த இலக்கத்தைக் கொண்டுபோனால் கல்முனையில் பேரிங் விற்கிற கடையிலேயே எடுக்கலாம், வின்ச் கம்பனிச் சாமான் என்று தேடத் தேவையில்லை. ஓ ரிங்குகளோடு 2,400. தேய்ந்த பித்தளை புஷ் இரண்டை லேத் கடையில் கடைந்து எடுத்தேன், 1,800.

மோட்டரைத் திறந்தால் பிரஷ் நான்கில் இரண்டு கட்டையாகத் தேய்ந்து, வயர் ஆமேச்சரில் உரசுகிற நிலை. லொறி ஸ்டார்ட்டர் பிரஷ் வாங்கி, அரத்தால் அளவுக்கு ராவிப் போட்டோம், 1,200. செப்புத் துண்டுகள் வரிசையாக இருக்கிற திசைமாற்றியை மெல்லிய சேண்ட் பேப்பரால் சுத்தம் செய்தோம். எமரித் தாள் பாவிக்காதீர்கள், அதன் தூள் மின்னைக் கடத்தும். துண்டுகளுக்கு இடையில் இருக்கிற பள்ளத்தை உடைந்த ஹெக்ஸோ பிளேடால் சுரண்டினோம்.

மோட்டரைத் தரையில் வைத்து சோதித்தபோது பொடியன் ஒரு கேள்வி கேட்டான். "சேர், பெட்டரியில பிளஸ், மைனஸை மாத்திக் குடுத்தா மற்றப் பக்கம் சுத்தும் தானே?" மாற்றிக் கொடுத்தோம். அதே பக்கம்தான் சுற்றியது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இது தொடர்ச் சுற்று மோட்டர். மின்னோட்டம் புலச் சுருளிலும் ஆமேச்சரிலும் ஒரே கோட்டில் ஓடுகிறது. இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் ஒன்றும் மாறாது. ஒன்றை மட்டும் திருப்ப வேண்டும். அதற்குத்தான் அந்த சொலினொயிட் பெட்டி. (இப்படித் தரையில் வைத்து ஓட்டும்போது காலால் இறுக்கிப் பிடித்து இரண்டு மூன்று செக்கன் மட்டும் கொடுங்கள். பாரம் இல்லாவிட்டால் இந்த வகை மோட்டர் கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கும்.)

பழைய சொலினொயிட்டுகள் உள்ளே எரிந்து ஒட்டியிருந்தன. இதில் நான் கஞ்சத்தனம் பிடிக்கவில்லை. ஒட்டிக்கொண்ட சொலினொயிட் என்றால் சுவிட்சை விட்ட பிறகும் வின்ச் இழுத்துக்கொண்டே போகும். புதியதாக ஒன்று எடுத்தேன், 11,500.

வயர் முக்கியம். முழுப் பாரத்தில் இந்த அளவு வின்ச் 400 அம்பியர் அளவில் குடிக்கும். 60 வொற் ஹெட்லைட் பல்ப் ஒன்று 5 அம்பியர் எடுக்கிறது என்றால், எண்பது ஹெட்லைட்டை ஒன்றாகப் போட்ட மாதிரி. அந்த ஓட்டத்தில் வயரிலும் மூட்டிலும் நூறில் ஒரு ஓம் தடை இருந்தாலே 4 வோல்ற்று அங்கேயே போய்விடும். 12 வோல்ற்று பெட்டரியில் மோட்டருக்குப் போய்ச் சேருவது 8 தான். அதனால் வெல்டிங் கேபிள் வாங்கினேன், 50 சதுர மில்லிமீற்றர். பெட்டரி கேபிளை விட விலை குறைவு, மெல்லிய செப்பு இழைகள் என்பதால் நன்றாக வளையும். முனைகளைச் சுத்தியலால் அடிக்காமல் மின்சாமான் கடையில் அமுக்கி வாங்கினேன். கழித்துப் போட்ட லொறியின் கட்-அவுட் சுவிட்ச் ஒன்றும் சேர்த்து 9,600.

பூட்டுவதற்குப் பம்பரை நம்பக்கூடாது. செசியோடு பிடிக்கிற மாதிரித் தடித்த இரும்புத் தகடு வெட்டி ஒட்டுவித்தேன். போல்ட் எல்லாம் தலையில் 8.8 என்று அடித்தது. 8,500.

கடைசியாகப் பிரேக். இந்த வகை வின்ச்சில் பிரேக் ட்ரம்முக்குள் இருக்கிறது. முந்தின ஆள் கறள் பிடிக்காமல் இருக்கட்டும் என்று அதற்குள்ளும் கிறீஸ் அடைத்து வைத்திருந்தார். கிறீஸ் பூசிய பிரேக் என்ன பிடிக்கும்? மண்ணெண்ணெய் அதற்குச் சரிவராது, எண்ணெய்த் தன்மை மிஞ்சும். பிரேக் கிளீனர் அடித்து, காயவைத்து, சேண்ட் பேப்பரால் தேய்த்துப் பூட்டினோம். கிறீஸ், பெயின்ற், சில்லறைச் சாமான் எல்லாம் 3,000.

இதுவரைக்கும் கூட்டிப் பாருங்கள். சரியாக 70,000. சீட்டுக் காசில் 5,000 மிச்சம். எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. ஸ்டாஃப் ரூமில் படம் காட்டினேன்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கயிறு.

வின்ச்சோடு வந்த பழைய கம்பிக் கயிறு அதில் சுற்றிக் கிடந்தது. 8 மில்லிமீற்றர் கம்பி. அங்கங்கே இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் எப்போதோ மடிந்து, பிறகு நிமிர்த்திய அடையாளம். கல்முனையில் புதியது விசாரித்தேன். முனையில் வளையம் போட்டு அமுக்கித் தர 17,500 என்றார்கள். கையில் 5,000 இருந்தது.

நான் செய்தது இதுதான். மிக மோசமாக இருந்த ஆறு மீற்றரை வெட்டி எறிந்தேன். நிமிர்த்திய இடம் மிஞ்சிய பகுதிக்குள் இருந்தது. அதையும் வெட்டினால் கயிறு கட்டையாகிவிடும். "இப்போதைக்கு இது போதும், சிறுபோகம் முடிய புதுசு போடுவம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தெரியாமல் செய்த பிழை என்று சொல்லமாட்டேன். மடிந்த கம்பிக் கயிற்றை நிமிர்த்தினாலும் பழைய பலம் வராது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் உள் இழைகள் நெரிந்திருக்கும், வெளியே தெரியாது. பாணமைக்காரரும் சொல்லித்தான் தந்தார்: "கயிற்றை மட்டும் புதுசு போடுங்க." மனைவியிடம் 75,000 என்று வாய் விட்டுவிட்டேன். அதைத் தாண்டக் கூடாது என்ற வீம்பு.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வட்டைக்குக் கொண்டுபோனோம். வாய்க்கால் கட்டுக்கு மேலே ஒரு பெரிய மருதமரம் நிற்கிறது. ஜீப்பைக் கீழே சரிவில் நிறுத்தி, மரத்தில் அகலப் பட்டியைச் சுற்றி, கொளுக்கியை மாட்டினோம். முதல் இரண்டு இழுவையும் அருமை. ஜீப் தானாக ஏறியது. நடுவில் நிறுத்தி, பொடியன் வகுப்பறைச் சோக்கால் ட்ரம்மில் ஒரு கோடும் பக்கத்தில் ஒரு கோடும் போட்டான். பத்து நிமிடம் பார்த்தோம். கோடு ஒன்றையொன்று விட்டு அசையவில்லை. பிரேக் பிடிக்கிறது. இரண்டு பேரும் சிரித்தோம்.

மூன்றாவது முறை, முன் சில்லு இரண்டும் வாய்க்கால் பள்ளத்தில் இறங்கி நிற்கிற மாதிரி வைத்து இழுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். உண்மையாகப் புதைந்த வாகனம் மாதிரி இருக்கட்டும் என்று. நான் ஸ்டியரிங்கில், ரிமோட் கையில். பொடியன் இடப்பக்கம் வேலி ஓரமாக, கயிற்றுக்கு நேரே பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அங்கே நில் என்று நான் சொல்லவில்லை. அங்கே நிற்காதே என்றும் சொல்லவில்லை.

மோட்டரின் சத்தம் மாறியது. சில்லு ஒரு வேரில் முட்டியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினேன்.

அந்த நேரத்தில் அவனுடைய உம்மாவின் கோல் வந்தது. வீடியோ நின்றது. கோலை எடுத்துப் பேசிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் நடந்தான்.

துவக்குச் சத்தம் மாதிரி ஒன்று. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜீப் பின்னால் ஒரு முழம் போய் நின்றது. இறங்கிப் பார்த்தால், கயிறு அந்த நிமிர்த்திய இடத்திலேயே அறுந்திருந்தது. ஒரு துண்டு மரத்தடியில். மற்றத் துண்டு திரும்பி வந்து பொனட்டில் ஒரு நீளக் கோடு கிழித்து, இடப்பக்க வேலியில் அடித்திருந்தது. அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்துக் கம்பு இடுப்பு உயரத்தில் முறிந்து தொங்கியது.

பொடியன் போனைக் காதில் வைத்தபடி அந்தக் கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். உம்மா அந்தப் பக்கத்தில் "என்னடா சத்தம், என்னடா சத்தம்" என்று கேட்பது எனக்கும் கேட்டது. "ஒண்டும் இல்லம்மா, டயர்" என்றான்.

எனக்குக் கால் நடுங்கியது. வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து தந்தான். வரும் வழியில் சொன்னான்: "சேர், வாப்பாட்ட சொல்லிப் போடாதீங்க. பிறகு என்ன விடமாட்டாரு." நான் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், சொல்லாமல் விடுவோமா என்று வீடு வந்து சேரும் வரைக்கும் யோசித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு ஊரைக் கூட்டுவான் என்று மனசு நல்ல நல்ல நியாயம் சொன்னது.

மனைவியிடம் சொன்னேன். அவ ஏசவில்லை. "நம்மட மகன் அதுல நிண்டிருந்தா, அந்த சேர் வந்து சொல்லணும் எண்டு நினைப்பீங்களா, மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டா.

மஃரிப் தொழுதுவிட்டுப் போனேன். அவனுடைய வாப்பா த்ரீவீலைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க சேர்" என்று கதிரை எடுத்துப் போட்டார். இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு பழுது என்று தெரிந்தே பாவித்தது வரைக்கும் சொன்னேன். அவர் பைப்பை மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"புதுக் கயிறு எவ்வளவு சேர்?"

"பதினேழாயிரத்து ஐநூறு."

"என்கிட்டக் கேட்டிருந்தா நான் தந்திருப்பனே."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை ஹயர் ஓடினால் அவருக்கு 17,500 சேரும் என்று எனக்குத் தெரியும். அவர் அதைக் கேலிக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே தந்திருப்பார். அதுதான் என்னை இன்றைக்கும் குத்துகிறது. நான் மிச்சம் பிடித்தது என்னுடைய காசை, பணயம் வைத்தது அவருடைய பிள்ளையை.

அதற்குப் பிறகு அவர் பொடியனை அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த மாதச் சம்பளத்தில் முதல் வேலையாகப் புதுக் கயிறு வாங்கினேன். செயற்கை இழைக் கயிறும் இருக்கிறது. அது இலேசு, அறுந்தாலும் கம்பி மாதிரி அவ்வளவு மூர்க்கமாக அடிக்காது. ஆனால் மணலும் சேறும் உரசி இழை தேயும், வெயிலிலும் பலம் குறையும், ட்ரம்முக்குள் பிரேக் இருக்கிற வின்ச்சில் அந்தச் சூடும் அதற்கு ஆகாது. நம் வட்டை வேலைக்கு நான் கம்பிதான் எடுத்தேன். அறுபலம் நான்கு தொன்னுக்கு மேல். அதோடு புதுக் கொளுக்கி, இரண்டு டீ ஷெக்கல், 6,000. ஆக, முழுக் கணக்கு 93,500. 75,000 இல்லை. இனி யாராவது கேட்டால் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

வின்ச் செய்யப் போகிறவர்களுக்கு நான் படித்த பாடம்:

சீல், புஷ், பிரஷ், பெயின்ற் இவற்றில் சிக்கனம் பிடியுங்கள். பழுதானால் வின்ச் நிற்கும், அவ்வளவுதான். கயிறு, கொளுக்கி, ஷெக்கல், போல்ட், பிரேக், சொலினொயிட் இவற்றில் பிடிக்காதீர்கள். இவை பழுதானால் வின்ச் நிற்காது, ஆள் விழும். சாமான் வாங்க முன் "இது உடைந்தால் என்ன நடக்கும்?" என்று ஒரு முறை கேளுங்கள். பட்ஜட் போடும்போது கயிற்றில் இருந்து தொடங்குங்கள். நான் கயிற்றில் முடித்தேன்.

தகட்டில் இருக்கிற பாரம் ட்ரம்மின் முதல் அடுக்குக்கு மட்டும். அடுக்கு கூடக் கூட ஆரை கூடும், இழுவை குறையும். என்னுடைய ட்ரம்மில் நான்காவது அடுக்கில் கிட்டத்தட்ட அறுபது வீதம்தான், 2,200 கிலோ அளவு. அதனால் கயிற்றை நன்றாக வெளியே எடுத்து இழுங்கள். ஆனால் கம்பிக் கயிறு என்றால் குறைந்தது ஐந்து சுற்றாவது ட்ரம்மில் இருக்க வேண்டும். பாரம் கூட என்றால் ஒரு கப்பி போட்டு இரட்டையாக இழுங்கள். வேகம் பாதியாகும், இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இழுக்க முன் கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள். அறுந்தால் அது கயிற்றை நிலத்தோடு அமுக்கும். தடித்த கையுறை போடாமல் கம்பியைத் தொடாதீர்கள். இஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் ஆறவிட்டு இழுங்கள். கயிறு விறைத்திருக்கும்போது யாரும் அதைத் தாண்டக் கூடாது. வெளியே விட்டிருக்கிற கயிறு எவ்வளவு நீளமோ, அதை விடத் தூரத்தில்தான் ஆட்கள் நிற்க வேண்டும். வீடியோ எடுக்கிறவரும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடந்த நவம்பரில் டித்வா புயல் நாட்களில் நமக்குத் தெரிந்த ஒருவர் வந்து கேட்டார். தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது, அந்தப் பக்கத்தில் சாமான் ஏற்றிய ட்ரெக்டர் நிற்கிறது, உங்கள் வின்ச்சைப் போட்டு இந்தப் பக்கம் இழுத்துவிடுங்கள் சேர் என்று. மாட்டேன் என்றேன். "இவ்வளவு சல்லி போட்டு ஏன் பூட்டின?" என்று கோபித்துக்கொண்டு போனார். இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஓடுகிற தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். அது வகுப்பில் சொல்கிற கணக்கு. நம் மண்ணுக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. 2024 நவம்பர் 26 மாவடிப்பள்ளியில், மதரஸாவில் இருந்து வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய ட்ரெக்டரை வெள்ளம் கொண்டுபோனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அல்லாஹ் அந்தப் பிள்ளைகளுக்கும் கூட மௌத்தானவர்களுக்கும் சுவனத்தைக் கொடுப்பானாக. கையில் ஒரு இரும்புச் சாமான் இருக்கிறது என்ற தைரியத்தில் எடுக்கிற முடிவைப் போல ஆபத்தானது வேறு இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு, டிசம்பரில், நான்கு வாகனம் வட்டையில் இருந்து எடுத்தோம். அதில் ஒன்று மாமாவுடைய அதே ட்ரெக்டர், கிட்டத்தட்ட அதே இடம். யாரிடமும் காசு எடுக்கவில்லை.

மூன்றாவது வாகனம் எடுக்கிற நாளில் ஒரு த்ரீவீல் வந்து தூரத்தில் நின்றது. பொடியனும் அவனுடைய வாப்பாவும். ஓஎல் ரிசல்ட் வந்து, இப்போது உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறான். இரண்டு பேரும் கிட்ட வரவில்லை. நான் கயிற்றை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, சுற்றி நின்ற சனத்தை அவன் கையால் தள்ளிக்கொண்டிருந்தான். "அங்கால போங்க, இன்னும் அங்கால. கயிறு எவ்வளவு நீளமோ அதுக்கும் அங்கால." வாப்பாவையும் விடவில்லை, கையைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோனான். பிறகு எனக்குக் கை காட்டினான், இழுக்கலாம் என்று.

அறுந்த பழைய கயிற்றின் அந்தத் துண்டு என் மேசை லாச்சியில் இருக்கிறது. பொறிகள் பாடம் வரும்போது எடுத்து மேசையில் வைப்பேன்.

நம் ஊரிலோ பக்கத்து ஊரிலோ யாருடைய வாகனமாவது வட்டையில் புதைந்தால் எனக்குச் சொல்லுங்கள், பாடசாலை விட்ட பிறகு வருவேன். டீசல் மட்டும் நீங்கள். ஆனால் ஓடுகிற தண்ணீரில் இழுக்கமாட்டேன், கயிற்றுக்குக் கிட்ட ஒரு ஆள் நின்றாலும் சுவிட்சைத் தொடமாட்டேன். அப்போது கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வின்ச் செய்ய விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன, காட்டித் தருகிறேன். வரும்போது கயிற்றுக்குக் காசு ஒதுக்கிவிட்டு வாருங்கள்.

துஆக்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.